சிவப்புச் செவ்வகம்: ஒரு வான்முகிலின் வடிவும் தோற்றமும்

நேர்கோடும் கூர்மையான மூலைகளும் கொண்ட உருவொன்றை இயற்கையிற் காணும்போது, அதனை அமைத்தது யாது என வினவுதல் மனித இயல்பு. உப்புப் பளிங்கின் சதுர முகங்களையும் தேன்கூட்டின் அறுகோண அறைகளையும் நோக்கி எழுந்த வினாக்கள் பளிங்கியலையும் வடிவவியலையும் வளர்த்தன. அவை கையில் அடங்கும் சிறு பொருள்கள். பளிங்கின் ஒழுங்கு அதன் அணுக்களின் ஒழுங்கிலிருந்து பிறப்பது. ஆனால் இலட்சம் கோடிக் கணக்கான கிலோமீற்றர் அகன்று, நாம் ஆய்வுகூடத்தில் உண்டாக்கும் வெற்றிடத்தினும் அடர்த்தி குறைந்ததாய், வாயுவும் தூசும் கலந்து பரந்து கிடக்கும் வான்முகில் ஒன்று நான்கு மூலைகளுடன் செவ்வகமாகத் தோன்றுமாயின், அதற்கு அணுக்களின் ஒழுங்கு விடையாகாது. அத்தகைய வான்முகில் ஒன்று உண்டு. வானியலார் அதற்கு இட்ட பெயர் சிவப்புச் செவ்வகம் என்பது. அதன் வடிவு ஏன் அவ்வாறாயிற்று, அதன் செந்நிற ஒளி எப்பொருளிலிருந்து எழுகின்றது என்னும் இரு வினாக்களைப் பற்றி இதுவரை அறியப்பட்டவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம். முதல் வினாவிற்குப் பெரும்பாலும் விடை கிடைத்துள்ளது. இரண்டாவதற்கு இன்னும் முழு விடை இல்லை.

இவ்வான்முகிலின் நடுவே அமைந்த விண்மீன் நெடுங்காலமாக அறியப்பட்டதே. என்றி டிரேப்பர் அட்டவணையில் அதன் எண் 44179. ஒற்றைக்கொம்பன் எனப் பொருள்படும் மொனொசெரஸ் என்னும் விண்மீன் குழுவில் அது அமைந்துள்ளது. திருவாதிரை விண்மீனையும் சிரியசு என்னும் பேரொளி விண்மீனையும் அறிந்தவர்க்கு அதன் இடத்தைக் குறித்தல் எளிது: சிரியசுக்கு வடமேற்கே ஏறத்தாழ 9 பாகைத் தூரத்தில் அது உள்ளது. தை, மாசி மாதங்களின் முன்னிரவில் நம் நாட்டில் அது வானுச்சிக்குச் சற்றுத் தெற்கே நிற்கும். வெறுங்கண்ணுக்குப் புலப்படாது. ஒன்பதாம் தரத்து ஒளியுடையதாகையாற் சிறு தொலைகாட்டியில் ஒரு புள்ளியாகத் தெரியும். அப்புள்ளியிற் செவ்வகமும் இல்லை, சிவப்பும் இல்லை.

இரட்டை விண்மீன்களைத் தேடி அளப்பதில் வல்லவரான அமெரிக்க வானியலார் ஏற்கின் இதனை நெருங்கிய இரு விண்மீன்களாகக் கண்டு பதிவு செய்தார். அவரது கண் பிழைத்ததன்று. இரு ஒளிப்பொட்டுகள் அங்கு மெய்யாகவே உள்ளன. ஆனால் அவற்றுள் எதுவும் விண்மீனன்று என்பது இருபதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே தெளிவாயிற்று. அதனைப் பின்னர்க் காண்போம்.

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க விமானப்படையின் கேம்பிரிட்ச் ஆய்வுகூடத்தினர், குளிரூட்டிய சிறு தொலைகாட்டிகளை றொக்கட்டுகளில் ஏற்றி வளிமண்டலத்திற்கு மேலே செலுத்தி, வானத்தைச் செந்நிறக்கீழ்க் கதிர்களில் அளவிட்டனர். புவியின் வளிமண்டலம் அக்கதிர்களின் பெரும்பகுதியைத் தடுத்துவிடும் என்பதே றொக்கட்டுகளை நாடியதற்குக் காரணம். ஒவ்வொரு பறப்பும் சில நிமிடங்களே நீடித்தது. ஆயினும் கட்புல ஒளியில் மங்கலாயுள்ள பல பொருள்கள் செந்நிறக்கீழ்க் கதிர்களில் மிக்க ஒளியுடன் விளங்குவதை அவை காட்டின. 1973 இல் இவ்வாறு வெளிப்பட்டவற்றுள் ஒன்று 44179 ஆம் விண்மீனின் இடத்தோடு பொருந்திற்று. மார்ட்டின் கோகனும் அவருடன் உழைத்தோரும் அதனைத் தனியே ஆராய்ந்து 1975 இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். செந்நிற ஒளியில் எடுக்கப்பட்ட ஒளிப்படங்களில், விண்மீனைச் சுற்றி நான்கு மூலைகளும் நீண்டு கூரிய ஒரு செவ்வக ஒளிவுரு தெரிந்தது. நீல ஒளியில் அவ்வுரு ஏறக்குறைய மறைந்துவிட்டது. கட்டுரையின் தலைப்பிலேயே இடம்பெற்ற சிவப்புச் செவ்வகம் என்னும் பெயர் நிலைத்துவிட்டது.

இனி வடிவினை ஆராய்வோம். உடுக்கையைக் கையிலேந்திப் பக்கவாட்டில் நோக்கினால், இடை சிறுத்து இருமுனையும் விரிந்த உருவம் தெரியும். அதே உடுக்கையின் ஒரு முகத்தை நேரே நோக்கினால் வட்டமே தெரியும். முனையோடு முனை பொருந்திய இரு கூம்புகளைப் பக்கவாட்டிற் காண்பவன் இரு கோடுகள் குறுக்கிட்டாற் போன்ற உருவைக் காண்பான். அக்கோடுகளின் நான்கு நுனிகளையும் இணைத்து நோக்கின் அது செவ்வகமாகும். சிவப்புச் செவ்வகமென்பது இவ்வாறு பக்கவாட்டிற் காணப்படும் இரட்டைக் கூம்பே என்பது இன்று பெரும்பாலும் ஏற்கப்பட்ட முடிபு. அக்கூம்புகள் உட்குடைவானவை. குடைவான கூம்பின் விளிம்பை நோக்கும்போது நம் பார்வைக்கோடு அதன் சுவரினூடே நெடுந்தூரம் செல்கின்றது. நடுவை நோக்கும்போது சுவரைக் குறுக்கே கடந்துவிடுகின்றது. ஆகவே ஒளிரும் பொருளின் அளவு விளிம்பில் மிகுதியாய்த் தோன்றி, விளிம்புகள் கோடுகளாகத் தெரிகின்றன. கண்ணாடிக் குடுவையின் ஓரங்கள் நடுப்பகுதியினும் அழுத்தமாகத் தெரிவதும் இதனாலேயே.

இவ்விளக்கத்தை ஏற்றுக்கொண்டால், செவ்வகம் என்பது அப்பொருளின் பண்பு மாத்திரமன்று, நாம் நிற்கும் இடத்தின் பண்பும் ஆகும் என்பது பெறப்படும். கூம்பின் அச்சின் வழியே அமைந்த வேறோர் உலகத்திலிருந்து நோக்குவோர் இதே வான்முகிலை வட்டமாகக் கண்டு, வட்டம் என்றே பெயரிட்டிருப்பர். வானியலில் இத்தகைய பெயர்கள் புதியனவல்ல. கோள்வடிவ வான்முகில் எனப்படுவனவற்றிற்கும் கோள்களுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. பழைய தொலைகாட்டிகளில் அவை கோள்களின் சிறு வட்டுப்போலத் தோன்றியமையே அப்பெயருக்குக் காரணம். பெயர் பொருளை விளக்கிவிட்டதாகக் கருதும் மயக்கம் மாணவரிடையே மாத்திரமின்றி நூலாசிரியரிடையேயும் காணப்படுகின்றது.

ஹபிள் விண்வெளித் தொலைகாட்டி எடுத்த ஒளிப்படங்கள் 2004 இல் வெளியானபோது வடிவின் நுட்பம் மேலும் விளங்கிற்று. கோகன், பெல்ஜியத்து வான் விங்கல் ஆகியோர் அவ்வாய்விற் பங்குகொண்டனர். குறுக்கிட்ட இரு கோடுகளின் கைகளுக்கிடையே, ஏணிப்படிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாய் நேர்கோடுகள் அமைந்திருத்தலை அப்படங்கள் காட்டின. அப்படிகளும் மெய்யான நேர்கோடுகள் அல்ல. ஒன்றனுள் ஒன்றாய் அடுக்கிய கிண்ணங்களைப் பக்கவாட்டில் நோக்கும்போது அவற்றின் வட்ட விளிம்புகள் கோடுகளாகத் தெரிவதைப் போன்றன அவை. நடுவிண்மீன் இடைவிடாது பொருளை உமிழாமல், சில நூறு ஆண்டுகளுக்கு ஒருமுறை மிகுதியாக உமிழ்ந்திருத்தல் வேண்டும் என்றும், ஒவ்வொரு படியும் அத்தகைய ஒரு நிகழ்ச்சியின் எச்சம் என்றும் ஆய்வாளர் கொண்டனர். விண்மீன் தன் புறப்படலங்களை இழக்கத் தொடங்கி ஏறத்தாழ 14,000 ஆண்டுகள் ஆகின்றன என்பது அவர்தம் மதிப்பீடு.

கூம்புகளை அமைத்தது யாது? இவ்விடத்தில், முன்னர்க் கூறிய இரு ஒளிப்பொட்டுகளின் செய்தி பயன்படுகின்றது. 1990களில் வளிமண்டலக் கலக்கத்தை நீக்கிப் படமெடுக்கும் முறைகள் வளர்ந்தபோது, அப்பொட்டுகள் இரண்டும் நடுவே ஒரு கருநிறப் பட்டையால் பிரிக்கப்பட்டிருத்தல் தெளிவாயிற்று. அப்பட்டை, பக்கவாட்டில் நாம் காணும் தடித்த தூசுத்தட்டின் நிழல். விண்மீன் அத்தட்டின் பின்னே முற்றாக மறைந்துள்ளது. தட்டின் மேலும் கீழும் தப்பிச் செல்லும் ஒளி அங்குள்ள தூசியிற்பட்டுச் சிதறி நம்மை அடைகின்றது. ஆகவே ஏற்கின் கண்டவை ஒரே விண்மீனின் இரு பிரதிபலிப்புகள். இவ்விண்மீனை நேரே கண்டவர் எவரும் இலர்.

இவ்வுண்மையின் விளைவு பெரிது. மறைந்துள்ள விளக்கின் ஒளியைச் சுவரிற்படும் வெளிச்சத்தைக் கொண்டு கணிப்பது போன்றதே அவ்விண்மீனின் மெய்யான ஒளிவலுவைக் கணித்தல். ஒளிவலு ஐயத்துக்குரியதாயின் தூரமும் ஐயத்துக்குரியதாகும். 1975 இல் கோகன் குழுவினர் அதன் தூரத்தை ஏறத்தாழ 1,100 ஒளியாண்டு எனக் கொண்டனர். 2002 இல் தட்டின் அமைப்பினை விரிவாகக் கணித்தோர் ஏறத்தாழ 2,300 ஒளியாண்டு எனக் கண்டனர். தூரம் இரட்டித்தால் ஒளிவலு நான்கு மடங்காகும். விண்மீனின் பொருண்மை, அகவை பற்றிய முடிபுகளும் உடன் மாறும். இப்பொருளைப் பற்றிய எண்களை எடுத்தாளுவோர் இதனை மறத்தலாகாது.

மறைந்துள்ள விண்மீன் தனியன்று என்பதும் 1990களிலேயே வெளிப்பட்டது. சிதறிய ஒளியின் நிறமாலைக் கோடுகள் ஏறத்தாழ 320 நாள்களுக்கு ஒருமுறை முன்னும் பின்னும் அசைகின்றன. கண்ணுக்குப் புலப்படாத துணையொன்றைச் சுற்றி விண்மீன் இயங்குகின்றது என்பதே இதன் பொருள். இரண்டிற்கும் இடையிலுள்ள தூரம் ஞாயிற்றுக்கும் புவிக்கும் இடையிலுள்ள தூரத்தை ஒத்த அளவினது. நடுவிண்மீனோ முன்னர்ச் சிவப்புப் பெருவிண்மீனாய்ப் பருத்திருந்து, இப்பொழுது புறப்படலங்களை இழந்து சுருங்கி வருவது. அது பருத்திருந்த காலத்தில் அதன் ஆரம் இவ்விடைத்தூரத்தை எட்டியிருத்தல் வேண்டும். அவ்வாறாயின் துணைவிண்மீன் அதனுள் மூழ்காமல் தப்பியது எவ்வாறு? மூழ்கியோ உரசியோ இயங்கியிருந்தால் சுற்றுப்பாதை வட்டமாகியிருக்கும். ஆனால் இன்று அது தெளிவான நீள்வட்டமாயுள்ளது. இதற்கு நிறைவான விளக்கம் இல்லை. இதே பருவத்திலுள்ள வேறு பல இரட்டை விண்மீன்களிலும் இவ்வியல்பு காணப்படுதலால், இதனைத் தற்செயல் எனத் தள்ளவும் இயலாது.

தட்டு இவ்விரு விண்மீன்களையும் சூழ்ந்து நிற்கின்றது. ஸ்பானிய வானியலார் புஜராபலும் குழுவினரும் காபனோரொட்சைட்டு வாயுவின் வானொலிக் கதிர்களை முதலில் பிரான்சிலுள்ள தொலைகாட்டித் தொகுதியாலும் பின்னர்ச் சிலி நாட்டு மேட்டுநிலத்திலுள்ள அல்மா தொகுதியாலும் அளந்து, ஞாயிற்றைக் கோள்கள் சுற்றும் அதே கெப்ளர் விதிப்படி அத்தட்டின் வாயு சுழல்வதைக் காட்டினர். தட்டிலிருந்து ஒரு பகுதி வாயு மெல்ல வெளியேறுவதும் 2013 இல் அல்மா அளவீடுகளால் அறியப்பட்டது.

துணைவிண்மீனிலிருந்து எதிரெதிர்த் திசைகளில் வாயுத்தாரைகள் பாய்கின்றன என்பதற்குச் சான்று 2009 இல் கிடைத்தது. ஓகாயோ மாநிலத்தின் ரொலிடோ பல்கலைக்கழகத்து அடொல்ப் விற்றும் அவருடன் உழைத்தோரும் ஐதரசனின் செந்நிறக் கோட்டை ஆராய்ந்து, தாரையின் வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 560 கிலோமீற்றர் எனக் கண்டனர். சுருங்கும் விண்மீன் இழக்கும் பொருளின் ஒரு பகுதியைத் துணை ஈர்த்துத் தன்னைச் சுற்றிச் சிறு தட்டாக அமைத்துக்கொள்கின்றது. அச்சிறு தட்டிலிருந்து தாரைகள் எழுகின்றன. அத்தாரைகள் சுற்றுப்புற வாயுவைத் துளைத்துக் கூம்புகளாகக் குடைகின்றன என்பது அவர்தம் விளக்கம். இவ்வான்முகிலைத் தாரைகளே வடித்தன என்னும் கருத்தினை 2005 இல் இசுரேலிய ஆய்வாளர் சோக்கரும் வேறு நெறியில் முன்வைத்திருந்தார். பெரிய தட்டு மாத்திரமே வாயுவை ஒடுக்கிக் கூம்பாக்கிற்று என்னும் பழைய கருத்தினும் இது வலியது என்பது எமது எண்ணம். தாரையின் ஓட்டம் ஏறியும் இறங்கியும் மாறும் என்று கொண்டால் ஏணிப்படிகளுக்கும் இதிற் காரணம் தேடலாம். தட்டின் ஒடுக்கத்தினால் மாத்திரம் அவற்றை விளக்குதல் அரிது.

இனிச் சிவப்பு நிறத்திற்கு வருவோம். தூசி ஒளியைச் சிதறுவதனால் மாத்திரம் அந்நிறம் பிறப்பதாயின், விண்மீன் ஒளியின் சாயலே நமக்குக் கிட்டும். ஆனால் 1980 இல் சிமித், கோகன், மார்கன் ஆகிய மூவர் இவ்வான்முகிலின் நிறமாலையை ஆராய்ந்து, சிதறிய ஒளிக்கு மேலாக, ஏறத்தாழ 540 நனோமீற்றர் முதல் 800 நனோமீற்றர் வரையான அலைநீளங்களில் அகன்றதோர் ஒளிமேடு அமைந்திருத்தலைக் கண்டனர். அவ்வொளி அவ்விடத்துப் பொருள் தானே ஒளிர்வதால் எழுவது. பின்னர் இதே ஒளிர்வு வேறு வான்முகில்களிலும் நமது பால்வீதியின் பரந்த தூசிப் படலத்திலும் காணப்பட்டது. ஆகவே ஒரு விசித்திரப் பொருளின் நிறம் பற்றிய வினா, விண்மீன்களுக்கிடையே எங்கும் பரந்துள்ள தூசி யாது என்னும் வினாவாக விரிந்துவிட்டது. சிவப்புச் செவ்வகத்தில் அவ்வொளிர்வு மிக்க வலியதாயுள்ளமையே அறிஞர் மீண்டும் மீண்டும் அதனை நாடுவதற்குக் காரணம்.

ஒளிரும் பொருள் யாது என்பதற்கு முன்மொழியப்பட்டவை பல: ஐதரசன் செறிந்த காபன் துகள்கள், சிலிக்கன் நுண்துணிக்கைகள், பல்வளைய அரோமற்றிக் ஐதரோகாபன்கள். கடைசியிற் கூறியவை அடுப்புப் புகைக்கரியிலும் வாகனப் புகையிலும் உள்ளவை. அந்துருண்டையாக நாம் அறிந்த நத்தலீன் இரு வளையங்கள் கொண்ட அவ்வினப் பொருள். 3.3, 11.3 மைக்கிரோன் முதலிய செந்நிறக்கீழ் அலைநீளங்களில் இவ்வான்முகில் காட்டும் பட்டைகள், அவ்வின மூலக்கூறுகளில் காபனுக்கும் ஐதரசனுக்கும் இடையிலுள்ள பிணைப்பின் அதிர்வோடு நன்கு ஒத்துப்போகின்றன. ஆகவே அவ்வினத்தைச் சேர்ந்தவை அங்குள என்பதிற் பெரிய ஐயமில்லை. ஆனால் அவ்வினத்துள் எத்தனையோ ஆயிரம் மூலக்கூறுகள் உள. எது என்று சுட்டுதலே கடினம்.

2004 இல் உமா விஜ், விற், கோடன் ஆகியோர் இவ்வான்முகிலில் நீலநிற ஒளிர்வு ஒன்றும் உண்டென அறிவித்தனர். அவர் கையாண்ட முறை எளியதும் நுட்பமானதும் ஆகும். விண்மீனின் நிறமாலையில் ஐதரசன் உறிஞ்சுவதால் அமைந்த கருங்கோடுகள் உள. தூசியிற் சிதறிய ஒளியிலும் அக்கோடுகள் அதே ஆழத்துடன் இருத்தல் வேண்டும். ஆனால் வான்முகிலின் ஒளியில் அவை ஆழம் குறைந்து காணப்பட்டன. குழியொன்றில் நீர் நிரம்பினாற் போல, வேறோர் ஒளி அங்கு வந்து அக்கோடுகளை நிரப்பியுள்ளது எனக் கொண்டு, நிரம்பிய அளவிலிருந்து அவ்வொளியை அளந்தனர். மூன்று அல்லது நான்கு வளையங்கள் கொண்ட அந்திராசீன், பைரீன் போன்ற சிறு மூலக்கூறுகளின் ஒளிர்வோடு அது பொருந்துவதாகக் கூறினர். இச்செய்தியைச் சில செய்தித்தாள்கள் உயிரின் மூலப்பொருள் விண்ணிற் கண்டெடுக்கப்பட்டதாக எழுதின. ஆய்வாளர் தம் கட்டுரையின் தலைப்பிலேயே வினாக்குறி இட்டிருந்தனர் என்பதை அவை கவனித்ததாகத் தெரியவில்லை. அந்திராசீன் உயிர்ப்பொருளுமன்று.

செந்நிற மேட்டின் மீது கூரிய சில கோடுகளும் உள. 580 நனோமீற்றரை அடுத்து அமைந்த கோடு அவற்றுள் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தின் நொட்டிங்காம் பல்கலைக்கழகத்து பீற்றர் சார் 1990களில் இக்கோடுகளை மிகப் பழையதொரு புதிருடன் இணைத்தார். 1922 இல் மேரி லீ கீகர் என்னும் அமெரிக்கப் பெண் வானியலாளர், தொலைவிண்மீன்களின் ஒளியில், விண்மீன்களுக்கிடையேயுள்ள வெளியிலே உண்டாகும் அகன்ற உறிஞ்சற் பட்டைகளைக் கண்டிருந்தார். இன்று அத்தகையன நூற்றுக்கணக்கில் அறியப்பட்டுள்ளன. அவற்றை உண்டாக்கும் மூலக்கூறுகளுள் உறுதியாக அறியப்பட்டது ஒன்றே: அறுபது காபன் அணுக்கள் பந்துபோற் கூடி மின்னேற்றம் பெற்ற மூலக்கூறு. அதுவும் 2015 இல் ஆய்வுகூட அளவீட்டினாலேயே உறுதிப்பட்டது. சிவப்புச் செவ்வகத்தின் கோடுகள் விண்மீனிலிருந்து விலகுந்தோறும் குறுகிப் பழைய பட்டைகளின் அலைநீளங்களை நெருங்குவதைச் சார் எடுத்துக்காட்டினார். ஒரே மூலக்கூறு ஓரிடத்தில் ஒளிர்ந்தும் மற்றோரிடத்தில் ஒளியை உறிஞ்சியும் நிற்கின்றது என்பது அவர் கருத்து. இது உண்மையாயின், ஏறத்தாழ நூறாண்டுப் புதிரின் ஒரு பகுதி இவ்வான்முகிலில் அவிழ்ந்திருக்கும். ஆனால் 2002 இல் வெளிவந்த நுண்ணிய அளவீடுகள், அலைநீளங்கள் நெருங்குகின்றனவேயன்றி முற்றாகப் பொருந்தவில்லை எனக் காட்டின. நெருக்கம் அடையாளமாகாது. இரண்டும் தொடர்பற்றவை என்று முடித்தலும் இப்போதைக்கு மிகையே.

ஒளிர்வுக்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகின்றது என்பதும் ஆராயத்தக்கது. வேறொரு வான்முகிலில் விற் குழுவினர் 2006 இல் செய்த ஆய்வு, செந்நிற ஒளிர்வைத் தொடக்கி வைப்பதற்கு 118 நனோமீற்றரிலும் குறுகிய அலைநீளமுள்ள ஊதாக்கடந்த கதிர்கள் வேண்டும் எனக் காட்டிற்று. சிவப்புச் செவ்வகத்தின் நடுவிண்மீனின் வெப்பநிலை ஏறத்தாழ 8,000 கெல்வின் மாத்திரமே. அத்தகைய கதிர்களை அது போதிய அளவில் வெளியிடாது. இவ்விடத்தில், வடிவை விளக்க வந்த துணைவிண்மீனே ஒளியையும் விளக்க வருகின்றது. அதனைச் சூழ்ந்த சிறு தட்டின் உட்புறம் பொருள் வீழ்வதனால் 17,000 கெல்வினுக்கு மேல் வெப்பமடைந்து, வேண்டிய கதிர்களை உமிழ்கின்றது என்று விற் குழுவினர் கணித்தனர். அவ்வாறாயின் துணை ஒரு சாதாரண விண்மீனாக இருக்கலாம். 2002 ஆம் ஆண்டுக் கணிப்போ துணையை ஒரு வெண்குள்ள விண்மீன் எனக் கொண்டிருந்தது. இவ்விரண்டனுள் முதலாவதே தாரையையும் கதிர்களையும் ஒருங்கே விளக்குவதாக எமக்குத் தோன்றுகின்றது. எனினும் துணைவிண்மீனின் சொந்த ஒளி தனித்துப் பிரித்து அறியப்படவில்லை.

தட்டின் வேதியியல் மற்றொரு சிக்கல். கூம்புகளில் காபன் சேர்மங்கள் மிகுந்திருக்க, ஐரோப்பியரின் செந்நிறக்கீழ் விண்கலம் 1990களில் எடுத்த நிறமாலையில், தட்டில் ஒட்சிசன் செறிந்த சிலிக்கேற்றுப் பளிங்குகள் காணப்பட்டன. ஒரே விண்மீன் இரு வகைப் பொருளையும் உமிழ்ந்தது எவ்வாறு? விண்மீன் முதலில் ஒட்சிசன் மிக்கதாயிருந்தபோது தட்டு அமைந்தது; பின்னர் உள்ளிருந்து காபன் மேலெழுந்து அது காபன் விண்மீனாக மாறியபோது கூம்புகள் நிரம்பின என்பது 1998 இல் அதனைக் கண்டோர் தந்த விளக்கம்.

இத்தகைய வடிவு இதற்கு மாத்திரம் உரியதுமன்று. 2007 இல் ரதில், லொயிட் என்னும் இருவர் பாம்பு என்னும் விண்மீன் குழுவில் உள்ளதொரு வெப்ப விண்மீனைச் சூழ்ந்த வான்முகிலைப் படமெடுத்தபோது, அது இதனினும் ஒழுங்கான சதுரமாகத் தோன்றிற்று. சிவப்புச் சதுரம் என்றே அதற்குப் பெயரிட்டனர். அதனை அச்சின் பக்கமாகச் சாய்த்து நோக்கின், 1987 இல் மகெலன் முகிலில் வெடித்த விண்மீனைச் சூழ்ந்து காணப்படும் வளையங்களைப் போன்றதாகும் என்று அவர்கள் சுட்டினர். உடுக்கையை எப்பக்கமிருந்து பார்க்கின்றோம் என்பதே வேறுபாடு. ஆனால் அங்குள்ள விண்மீன்கள் தம்முள் மிக வேறுபட்டவை. வெவ்வேறு விண்மீன்கள் ஒரே வடிவினை எவ்வாறு பெறுகின்றன என்பதை ஆராயுமிடத்து, இங்குக் கூறிய தாரைக்கொள்கை அவற்றிற்கும் பொருந்துமா என்பது முதலிற் சோதிக்கப்பட வேண்டியது.

நடுவிண்மீன் சுருங்கி வெப்பமேறிக்கொண்டே உள்ளது. இன்னும் சில ஆயிரம் ஆண்டுகளில் அது ஊதாக்கடந்த கதிர்களைப் பெருமளவில் தானே வெளியிடத் தொடங்கும். அப்போது சூழ்ந்துள்ள வாயு மின்னேற்றம் பெற்று ஒளிர, இது கோள்வடிவ வான்முகிலாக மாறும். இன்று சிவந்து ஒளிரும் மூலக்கூறுகள் பல அக்கதிர்களால் சிதைந்துபோகும்.